இருதய யந்திரமும் ஏழை நோயாளியும்

2016-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அந்திம நிலையில் இருந்தபோதும், 2020-ல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பல வாரங்கள் உயிருக்குப் போராடியபோதும், 'எக்மோ' என்ற ஒரு சொல் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் பரவிற்று. விருத்தாசலத்திற்கும் நெய்வேலிக்கும் நடுவே உள்ள கம்மாபுரம் போன்ற ஊர்களின் தேநீர்க் கடைகளிலும் அச்சொல் அடிபட்டது. சிலர் அதை எமனையே வாசலில் நிறுத்திவிடும் மாய யந்திரம் என்றனர். வேறு சிலர், போன உயிரை இருப்பதாகக் காட்டிப் பணம் பறிக்கும் தந்திரம் என்றனர். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் தவறானவை. இரண்டும் அறியாமை என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இந்த யந்திரம் எவ்வாறு பிறந்தது, நமது நாட்டிற்கு எவ்வாறு வந்தது, இன்று அது யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பவற்றை நமது ஜனங்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

மனித இருதயம் இளைப்பாறும்போதுகூட நிமிஷத்திற்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. உடலெங்கும் சுற்றிக் கறுத்துத் திரும்பும் இரத்தம் சுவாசகோசங்களில் கரியமில வாயுவை விட்டுப் பிராணவாயுவை ஏற்றுச் சிவந்து, மீண்டும் இருதயத்திற்கு வந்து உடலுக்குப் பாய்கிறது. இந்த ஓட்டம் நாலைந்து நிமிஷம் நின்றால் மூளை கெடத் தொடங்கிவிடும். ஆகவே இருதயத்தைத் திறந்து உள்ளே உள்ள ஓட்டையை அடைப்பது, பழுதான வால்வை மாற்றுவது என்பதெல்லாம் நெடுங்காலம் வைத்தியர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. ஓடும் வண்டியின் சக்கரத்தை ஓடும்போதே கழற்றி மாட்ட யாரால் முடியும்? வண்டியை நிறுத்த வேண்டும். ஆனால் பயணமும் நிற்கக்கூடாது. அந்த வேலையைச் சில மணி நேரத்திற்கு ஏற்றுக்கொள்வதே இருதய சுவாசகோச யந்திரத்தின் பணியாகும்.

எண்ணம் மிகப் பழையது. 1812-ம் வருஷத்திலேயே லெகால்வா என்ற பிரெஞ்சு வைத்தியர், இருதயத்திற்குப் பதிலாக வேறொரு கருவியால் இரத்தத்தைச் செலுத்த முடியுமானால் உடலின் எந்தப் பாகத்தையும் உயிருடன் வைத்திருக்கலாம் என்று எழுதினார். 1885-ல் ஜெர்மனியில் வான் பிரே, குரூபர் என்ற இருவர் இரத்தத்தை மெல்லிய படலமாகப் பரப்பிப் பிராணவாயு ஏற்றும் ஒரு கருவியைச் செய்தார்கள். ஆயினும் மனிதனுக்கு அது உதவவில்லை. காரணம் மூன்று. உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் உறைந்துவிடும். வாயுவுடன் கலக்கும்போது நுரையும் குமிழும் உண்டாகும். ஒரு சிறு காற்றுக் குமிழ் மூளையின் நாளத்தில் சிக்கினாலும் ஆபத்து. பம்பில் நசுங்கினால் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடைந்து வீணாகும். இம்மூன்று தடைகளையும் ஒவ்வொன்றாகக் கடந்த கதையே இந்த யந்திரத்தின் சரித்திரமாகும்.

முதல் தடையை உடைத்தவர் ஒரு மாணவர். 1916-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜே மக்ளீன் என்ற வைத்திய மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடப் புகுந்து, நேர்மாறாக உறையவொட்டாமல் தடுக்கும் பொருளை நாயின் ஈரலில் கண்டார். 'ஹெபாரின்' என்று பெயர் பெற்ற அந்தப் பொருளின் துணையோடுதான் இன்றும் இந்த யந்திரம் பெரும்பாலும் ஓடுகிறது. 1920-களில் ருஷ்யாவில் புருகொனென்கோ என்பவர் தாம் அமைத்த யந்திரத்தைக் கொண்டு நாய்களின் உயிரைச் சிறிது நேரம் காத்துக் காட்டினார். அப்பால் வந்தவர் ஜான் கிப்பன். அவருடைய பெயரை உலகம் என்றும் மறக்கலாகாது.

1930-31-ல் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில், சுவாசகோச நாளத்தில் இரத்தக்கட்டி அடைத்துத் தவித்த ஒரு பெண்மணியின் அருகே கிப்பன் இரவு முழுவதும் அமர்ந்து, நாடியையும் சுவாசத்தையும் குறித்துவந்தார். அந்தப் பெண்மணி பிழைக்கவில்லை. கறுத்துப்போன இரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பிச் செலுத்த மட்டும் வழி இருந்திருந்தால் அவளைக் காத்திருக்கலாமே என்ற எண்ணம் அன்று அவருக்கு உதித்தது. மூத்தவர்கள் பலர் அது ஆகாத காரியம் என்றார்கள். அவரும், அவருடைய மனைவி மேரியும், தெருப்பூனைகளைப் பிடித்து வந்து பரிசோதனை செய்தார்கள். 1935-ல் ஒரு பூனையின் இருதய வேலையைத் தமது யந்திரத்தால் சிறிது நேரம் நடத்திக் காட்டினார்கள். நடுவில் உலக யுத்தம் குறுக்கிட்டது. கிப்பன் யுத்தசேவைக்குப் போய்த் திரும்பினார். பின்பு ஐ.பி.எம். கம்பெனியின் இயந்திர நிபுணர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். 1953-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி பிலடெல்பியா நகரத்தில், 18 வயதுப் பெண் ஒருத்தியின் இருதய அறைகளுக்கிடையே இருந்த ஓட்டையை அவர் தைத்து மூடினார். அவள் இருதயத்தின் வேலையையும் சுவாசகோசத்தின் வேலையையும் 26 நிமிஷ நேரம் யந்திரமே முற்றிலும் நடத்திற்று. அவள் பிழைத்தாள்.

ஓர் எண்ணம் பலிப்பதற்கு ஏறக்குறைய 22 வருஷங்கள் பிடித்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த வெற்றிக்கு முன்னும் பின்னும் கிப்பன் தமது யந்திரத்தைக் கொண்டு செய்த சிகிச்சைகளில் நோயாளிகள் மாண்டார்கள். மனம் நொந்த அவர் அத்தகைய ரண சிகிச்சையை விட்டே விலகினார். அவருக்கு முன்பே, 1951-ல் மின்னெஸோட்டாவில் கிளாரன்ஸ் டென்னிஸ் என்பவர் மனிதரிடத்தில் முயன்று தோற்றிருந்தார். இந்தத் தோல்விகளை யாரும் மூடி மறைக்கவில்லை. இன்ன இடத்தில் இன்ன பிழை நேர்ந்தது என்று சபைகளில் எடுத்துரைத்தார்கள்; பத்திரிகைகளில் எழுதினார்கள். ஒருவர் விழுந்த பள்ளத்தை மற்றவர் அறிந்து தாண்டிச் சென்றார். விஞ்ஞானத்தின் பெருமை வெற்றியைக் கொண்டாடுவதில் மட்டுமில்லை. தோல்வியை ஒளிக்காமல் சொல்லும் நாணயத்திலும் இருக்கிறது.

அதே மின்னெஸோட்டாவில் 1954-ம் வருஷம் வால்டன் லில்லஹை என்பவர் மேற்கொண்ட துணிவு இன்றும் உள்ளத்தை உருக்குவதாகும். யந்திரம் நம்பத்தக்கதாக இல்லாத அந்த நாளில், குழந்தையின் இரத்தத்தைக் குழாய் வழியே தகப்பனின் அல்லது தாயின் உடலுக்குள் செலுத்தி, பெற்றவரின் இருதயமும் சுவாசகோசமும் பிள்ளைக்காகவும் உழைக்கும்படி செய்து, அந்த இடைவேளையில் குழந்தையின் இருதயத்தைத் திறந்து சீர்செய்தார். ஒரு சிகிச்சையில் இரண்டு உயிர்களைப் பணயம் வைப்பதா என்று பலர் கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் 45 பேருக்கு அவ்வாறு சிகிச்சை நடந்து, 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மறு வருஷமே, 1955-ல், அவருடைய துணைவர் ரிச்சர்டு டிவால் என்பவர், சாதாரண பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்து, இரத்தத்தினூடே பிராணவாயுக் குமிழ்களை விட்டுப் பின்பு நுரையை அடக்கும் எளிய கருவியொன்றை உண்டாக்கினார். அதே வருஷம் மேயோ ஆஸ்பத்திரியில் ஜான் கர்க்லின், கிப்பனின் யந்திரத்தைத் திருத்தி அடுத்தடுத்துப் பயன்படுத்தலானார்.

டிவாலின் கருவியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். கிப்பனின் யந்திரம் சிக்கலானது, பெருஞ்செலவு பிடிப்பது. டிவாலின் கருவியோ மலிவானது, செய்வதற்கு எளியது, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடக் கூடியது. இருதய ரண சிகிச்சை உலகமெங்கும் பரவியதற்கு இந்த மலிவும் எளிமையும் பெருங்காரணமாயின. எட்டாத விலையில் நிற்கும் அற்புதம் ஏழை நாட்டிற்கு அற்புதமே அன்று. இந்த உண்மையைப் பின்னால் சொல்லப் போகும் விஷயத்திற்காக வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்.

இனி நமது நாட்டிற்கு வருவோம். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி, 1900-ல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலையிலிருந்து வளர்ந்தது என்பது பலரும் அறிந்ததே. 1940-களின் கடைசியில் அங்கு வந்து சேர்ந்த ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர், மார்பு ரண சிகிச்சைக்கென்று தனித்துறையை ஏற்படுத்தினார். காசநோய் நம்மை வாட்டிய காலம் அது. சுவாசகோச ரண சிகிச்சையே அன்று முதற்பணி. அவரிடம் பயின்று தேறியவர்களில் ஒருவர் டாக்டர் என். கோபிநாத். அவருடைய முயற்சியால் 1961-ல் வேலூரில் திறந்த இருதய ரண சிகிச்சை வெற்றிகரமாக நடந்தேறியது. பிலடெல்பியாவின் வெற்றிக்கும் வேலூரின் வெற்றிக்கும் இடையே எட்டு வருஷந்தான். சுதந்திரம் பெற்றுப் பதினான்கே வருஷமான ஒரு தேசத்தில், சென்னையிலுமின்றி டில்லியிலுமின்றி, ஒரு ஜில்லா நகரத்தில் இது நடந்தது என்பது தமிழர்கள் பெருமை கொள்ளத்தக்க விஷயமாகும்.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. பம்பாயில் 1968 பிப்ரவரியில் டாக்டர் பி. கே. சென், தென்னாப்பிரிக்காவில் முதல் இருதய மாற்றம் நடந்து மூன்று மாதம் நிரம்புமுன்பே, இருதய மாற்று ரண சிகிச்சையைச் செய்துபார்த்தார், நோயாளி பிழைக்கவில்லை, ஆனால் துணிவு பிறந்தது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் அடைபட்ட இருதய நாளத்திற்கு மாற்றுவழி அமைக்கும் ரண சிகிச்சையை இந்தியாவில் முதன்முறையாகச் செய்தார். 1994-ல் டில்லியில் டாக்டர் வேணுகோபால் இருதய மாற்றத்தில் வெற்றி கண்டார். இந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால், மேஜைக்கு அருகே உட்கார்ந்து பம்பையும் பிராணவாயுவையும் இரத்தத்தின் சூட்டையும் நொடிக்கு நொடி கவனித்த யந்திர இயக்குநர் ஒருவர் இருந்தார். கத்தி பிடித்தவரின் பெயரைச் சரித்திரம் எழுதிற்று. இவருடைய பெயரை யாரும் எழுதவில்லை. அவருடைய கவனம் ஒரு நிமிஷம் பிசகினால் கத்தியின் திறமையெல்லாம் வீணே. அத்தகையோருக்கு முறையான படிப்பும், தக்க அந்தஸ்தும், ஊதியமும் தருவது சர்க்காரின் கடமை என்று வற்புறுத்துகிறோம்.

சிலர் கேட்கலாம்: 'எக்மோ' என்பது இதுதானா, வேறா? அடிப்படை ஒன்றே; வேலை வேறு. ரண சிகிச்சை அறையில் சில மணி நேரம் ஓடுவது முதல் யந்திரம். அதன் வழிவந்த எக்மோ நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஓடுவது. குமிழ் விடும் கருவி நெடுநேரம் ஓடினால் இரத்தம் கெடும். ஆகவே இரத்தமும் வாயுவும் நேரே கலவாதபடி நடுவே மெல்லிய சவ்வை வைத்தார்கள். அந்தச் சவ்வின் யோசனைக்கு வித்திட்டதும் ஒரு தற்செயலே. 1944-ல் ஹாலந்தில் செயற்கைச் சிறுநீரகம் செய்த கோல்ப், தமது கருவியின் செலோபேன் சவ்வினூடே போகும் இரத்தம் சிவந்து வருவதைக் கண்டார். 1975-ல் அமெரிக்காவில் ராபர்ட் பார்ட்லெட், சவ்வுக் கருவியால் பச்சிளங்குழந்தை ஒன்றைக் காத்தார். எக்மோ நோயைத் தீர்க்கும் மருந்தன்று. நோய் தீரும்வரை, அல்லது வேறு சிகிச்சை கைகூடும்வரை, உயிரைத் தாங்கி நிற்கும் பாலம். அக்கரை இருக்கிறதா என்று பார்த்தே பாலம் கட்ட வேண்டும். அக்கரை இல்லை என்று தெரிந்த பின்பும் குடும்பத்தாரிடம் அதைச் சொல்லாமல் பாலத்தை நீட்டிக்கொண்டே போவது தர்மமாகாது. தொடங்கும் நாளிலேயே, எதை எதிர்பார்க்கலாம், எப்போது நிறுத்த நேரும், நாளொன்றுக்கு என்ன செலவு என்பவற்றை ஆஸ்பத்திரிகள் தாய்மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேநீர்க் கடைச் சந்தேகத்திற்கு அதுவே சரியான மருந்து.

இப்போது மலிவைப் பற்றி முன்பு சொன்னதற்குத் திரும்புவோம். இந்தத் துறையில் சுதேசி முயற்சி நமக்குப் புதிதன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனம், டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில், இரத்தப் பையையும், பிராணவாயு ஏற்றும் கருவியையும், இருதய வால்வையும் நம் நாட்டிலேயே செய்யப் புறப்பட்டது. வால்வுக்குப் பல வருஷங்கள் பிடித்தன. ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகள் தோற்றன. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் வேறு உலோகத்தையும் வேறு தட்டையும் தேடினார்கள். கடைசியில் தேறிய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்பு டி.டி.கே. கம்பெனியார் அதைத் தயாரித்து, வெளிநாட்டு வால்வை விடக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். லட்சத்திற்கும் அதிகமானோர் அதனால் பயனடைந்தார்கள். தேசத்தின் கைத்திறனில் நம்பிக்கை வைத்தால் விளைவது என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இன்றும் நமது ஆஸ்பத்திரிகளில் உள்ள உயர்ந்த வைத்தியக் கருவிகளில் பெரும்பகுதி கடல் கடந்து வருபவையே. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய சவ்வுக் கருவியையும் குழாய்களையும் டாலர் விலையில் வாங்கினால், அந்த விலை ஏறும் போதெல்லாம் ஏழையின் உயிர்விலையும் ஏறும். இங்கேதான் விருத்தாசலத்து வாசகர்களிடம் நாம் சிறப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் சர்க்கார் நிலையம் அங்கே இருக்கிறது. கம்மாபுரம் முதலிய சுற்றுப்புற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கைக்கெட்டும் தூரம். அகல் விளக்கும், பொம்மையும், மின்சாரப் பியூஸ் கட்டையும் செய்து பிழைத்த கைகள் அந்தப் பிரதேசத்தில் ஏராளம். பீங்கான் என்றால் கோப்பையும் பொம்மையுந்தான் என்று நினைப்பது பழைய காலத்து எண்ணம். இருதயத்தைப் படம் பிடிக்கும் 'எக்கோ' கருவியின் முனையில் ஒலியலையை எழுப்புவதும் உணர்வதும் ஒருவகைப் பீங்கானே. இருதய சுவாசகோச யந்திரத்தின் குழாயில் காற்றுக் குமிழ் வருகிறதா என்று காவல் காக்கும் ஒலியலைக் கருவியின் உயிரும் அத்தகைய பீங்கானிலேயே இருக்கிறது. மண்ணையும் சூளையையும் அறிந்த ஒரு நகரத்தின் நிலையத்தில் இந்த நுண்பீங்கான் கலைக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்து, திருவனந்தபுரம், வேலூர் போன்ற ஸ்தாபனங்களோடு இணைத்தால் என்ன கெடும்? நாளையே எல்லாம் ஆகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கிப்பனுக்கு 22 வருஷம் பிடித்தது. ஆனால் தொடங்காத வேலை நூறு வருஷமானாலும் முடியாது.

கருவி மலிந்தால் மட்டும் போதுமா? போதாது. 2009-ல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், கைப்பணமில்லாத குடும்பங்களும் இருதய ரண சிகிச்சை பெறும்படி வழி திறந்தன. இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ரண சிகிச்சை முடிந்த நாளில் நோயாளியின் கஷ்டம் முடிவதில்லை. உலோக வால்வு பொருத்தப்பட்டவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும். கூடினால் இரத்தப்போக்கு ஏற்படும். ஆகவே அடிக்கடி இரத்தத்தைச் சோதித்து அளவைத் திருத்த வேண்டும். கம்மாபுரத்து விவசாயக் கூலி ஒருவர் அந்தச் சோதனைக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போக வேண்டுமானால், இரண்டு முறை போவார். மூன்றாம் முறை போகமாட்டார். லட்சங்கள் செலவிட்டுக் காத்த உயிர் சில ரூபாய்ச் சோதனை இல்லாமையால் போகும். இந்தச் சோதனையும் மாத்திரையும் ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தவறாமல் கிடைக்கும்படி செய்வதில் பெரிய செலவொன்றுமில்லை, சிரத்தைதான் வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. நமது நாட்டில் வால்வு கெட்டு ரண சிகிச்சை மேஜைக்கு வரும் இளைஞர்களில் பலருக்கு நோயின் ஆரம்பம் சிறுவயதில் வந்த தொண்டை வலியாகும். கவனியாமல் விட்ட தொண்டை வலி சிலருக்கு மூட்டு வாத ஜுரமாகிறது. அந்த ஜுரம் மீண்டும் மீண்டும் வந்து வால்வை அரிக்கிறது. நெருக்கமான குடிசைகளில் வாழும் ஏழைக் குழந்தைகளையே அது தேடிப் பிடிக்கிறது. காலத்தில் கொடுத்த பெனிசிலின் அதைத் தடுக்கும். ஒருமுறை ஜுரம் கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டு வந்தால் வால்வு காக்கப்படும். மலிவான அந்த ஊசி மருந்து கிடைக்கவில்லை என்ற பேச்சே எங்கும் எழலாகாது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் மார்பில் குழலை வைத்துக் கேட்கும் வைத்தியர், பெரிய நகரத்து நிபுணருக்குக் குறைந்தவரல்லர். பல குழந்தைகளை அந்த யந்திரத்தின் வாசலுக்கே போகாமல் தடுப்பவர் அவரே.

'ஜுரத்திற்கு மாத்திரை கிடைக்காத ஊருக்கு இருதய யந்திரம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி நியாயம்போல் தோன்றினாலும் நியாயமன்று. ஊசியா யந்திரமா என்று ஏழையை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்? செல்வனுக்கு இரண்டும் கிடைக்கின்றனவே! பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டையுடன் பிறந்த குழந்தைக்குப் பெனிசிலின் உதவாது. அதற்கு யந்திரமே கதி. தொண்டை வலி கண்ட குழந்தைக்கு யந்திரம் தேவையில்லை, ஊசியே போதும். இரண்டு குழந்தைகளும் நம்முடைய குழந்தைகளே.

ஆகவே நாம் கோருவது இவை: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியும் இரத்தச் சோதனையும், பள்ளிதோறும் இருதயப் பரிசோதனை, யந்திரத்தை இயக்குவோருக்குப் படிப்பும் மதிப்பும், கருவிகளின் உறுப்புகளை நம் நாட்டிலேயே செய்ய விருத்தாசலம் போன்ற தொழில் நகரங்களுக்கு ஆதரவு. இவற்றில் எதுவும் ஆகாயத்துக் கோட்டையன்று. தெருப்பூனையிலிருந்து தொடங்கி ஒரு தம்பதி உலகத்திற்கு வழி காட்டினார்கள். 1961-ல் வேலூர் அவ்வழியில் நடந்து காட்டிற்று. அந்த வழியின் கடைசி மைல் கம்மாபுரம் போன்ற ஊர்களின் வாசலில் முடிய வேண்டும். அதைப் போடும் பொறுப்பு சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் சமமானது. தாமதிக்கும் ஒவ்வொரு வருஷமும் சில குழந்தைகளின் வாழ்நாளைக் குறைக்கிறது என்பதை இருசாராரும் மறவாதிருக்க வேண்டும்.